மாநாட்டுக்குப் பின்: பிற்காலப் பரிசுத்தவான்களுக்கு ஒரு திறந்த மடல்

பொது மாநாட்டை நம்பிக்கையோடும் நெருடலோடும் கேட்டு எழும் பிற்காலப் பரிசுத்தவான்கள் அனைவருக்கும்,

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் பொது மாநாடு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிற்றை ஒட்டி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தலைநகரான சால்ட் லேக் சிட்டியில் நடைபெறுகிறது. 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஃபயெட் என்ற சிற்றூரில் ஜோசப் ஸ்மித் இந்தச் சபையை நிறுவினார். அந்த ஆண்டு ஜூன் மாதத்திலேயே முதல் மாநாடு கூடிவிட்டது. 2000ஆம் ஆண்டு முதல் மாநாடு நடக்கும் மாநாட்டு மையத்தில் 21,000 பேர் அமரலாம். அங்குள்ள பிரசங்க பீடம், அப்போதைய சபைத் தலைவர் கார்டன் பி. ஹிங்க்லி தம் வீட்டுக் கொல்லையில் நட்டு வளர்த்த வால்நட் மரத்தை அறுத்துச் செய்தது. அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் இரண்டு நாள், ஐந்து அமர்வுகள், ஏறக்குறைய பத்து மணி நேரம், முப்பதுக்கும் மேற்பட்ட உரைகள், இடையிடையே டாபர்னகிள் பாடகர் குழுவின் பாடல்கள் என்று மாநாடு நடந்து வருகிறது.

1924 முதல் வானொலியிலும் 1949 முதல் தொலைக்காட்சியிலும் ஒலித்த இந்த உரைகள் இன்று நூறு மொழிகளுக்கு மேல் போய்ச் சேர்கின்றன. தமிழும் அவற்றில் ஒன்று. சென்னையிலோ கோவையிலோ இருக்கும் உறுப்பினர் சனிக்கிழமைக் காலை அமர்வை நேரலையில் கேட்க விரும்பினால் இரவு ஒன்பதரை மணிக்கு உட்கார வேண்டும். பிற்பகல் அமர்வு தொடங்கும்போது இந்தியாவில் ஞாயிறு பிறந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். 2024 இறுதிக் கணக்கின்படி சபையின் உறுப்பினர்கள் 1.7 கோடிக்கும் அதிகம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அமெரிக்காவுக்கு வெளியே வாழ்பவர்கள்.

யூட்டா, ஐடஹோ, அரிசோனா பகுதிகளில் மார்மன் என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட இச்சபைக் குடும்பங்களுக்கு மாநாட்டு வார இறுதி ஏறத்தாழ ஒரு பண்டிகை. காலையில் வீட்டில் இலவங்கப்பட்டை மணக்கும் ரொட்டிச் சுருள் வேகும். பிள்ளைகள் கையில் கட்டம் போட்ட அட்டை இருக்கும். பேச்சாளர் “ஆலயம்” என்றோ “குடும்பம்” என்றோ சொல்லும் போதெல்லாம் ஒரு கட்டத்தை மூடுவார்கள். தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே குரலைக் கேட்பார்கள். அந்த அறையிலேயே ஒருவர் குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருப்பவர் மெல்ல எழுந்து சமையலறைக்குப் போய்விடுவதும் உண்டு. மாநாட்டைப் பற்றிய கலவையான எதிர்வினை முதலில் தோன்றும் இடம் அந்த அறைதான். செய்தித்தாளும் தெருப் போராட்டமும் அதற்குப் பிறகே வருகின்றன.

ஓர் உரை இவ்வளவு ஆழமாகத் தைப்பதற்குக் காரணம், அந்தப் பீடத்திலிருந்து வரும் சொல்லுக்குச் சபை தரும் இடம். சபைத் தலைவரும் அவருடைய இரு ஆலோசகர்களும் அடங்கிய பிரதான தலைமையையும் பன்னிரு அப்போஸ்தலர் குழுமத்தையும் உறுப்பினர்கள் தீர்க்கதரிசிகளாகவும் வெளிப்பாடு பெறுவோராகவும் ஏற்கிறார்கள். வேறு சபைகளில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் பிடிக்கவில்லை என்றால் அது போதகரின் குறை. அடுத்த வாரம் வேறு பிரசங்கம் வரும். இங்கே அப்படி விட்டுவிட முடியாது. மாநாட்டு உரைகள் அச்சாகின்றன, மொழிபெயர்க்கப்படுகின்றன, அடுத்த ஆறு மாதத்துக்கு வகுப்புகளில் பாடமாகின்றன. ஓர் உரையில் காயப்பட்டவர் அதே உரையை ஆண்களின் மூப்பர் குழுமத்திலும் பெண்களின் ஒத்தாசைச் சங்கத்திலும் மறுபடி மறுபடி சந்திக்க நேரிடும். ஓர் உரையால் உயிர் பிழைத்ததாகச் சொல்பவரும் அதே வகுப்பில் இருப்பார்.

இந்த இரட்டை மனத்தை நம்பிக்கைக் குறைவின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கம் சபைக்குள் பரவலாக இருக்கிறது. மாநாட்டின் வரலாறு அந்தப் பார்வைக்கு இடம் தரவில்லை.

மாநாட்டில் ஒவ்வொரு முறையும் தலைவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டு உறுப்பினர்களின் ஆதரவு கேட்கப்படுகிறது. ஆதரிப்போர் வலது கையை உயர்த்துவார்கள். பிறகு, எதிர்ப்போர் இருந்தால் அதே முறையில் தெரிவிக்கலாம் என்று கேட்கப்படும். வீட்டில் திரையின் முன் இருப்போரும் கை உயர்த்துவது வழக்கம். சபையின் காரியங்கள் யாவும் பொதுச் சம்மதத்தால் நடக்க வேண்டும் என்ற கொள்கை ஜோசப் ஸ்மித்தின் காலத்திலேயே வேதநூலில் இடம் பெற்றது. நடைமுறையில் இது தேர்தல் இல்லை. போட்டி வேட்பாளரும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. ஆனாலும் கேள்வி கேட்கப்படுகிறது. கேள்வி இருக்கும் வரை பதில் ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்பதில்லை.

1890 அக்டோபர் 6 அன்று நடந்த வாக்கெடுப்பு இதற்குச் சரியான சாட்சி. சபையில் அப்போது வழக்கில் இருந்த பலதார மணத்துக்கு எதிரான அமெரிக்க மத்திய அரசின் சட்டங்கள் சபையை நெருக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1887இன் சட்டம் சபையின் சட்டபூர்வ இருப்பையே கலைத்துச் சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழி வகுத்தது. 1890 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நூற்றுக்கணக்கான ஆண்கள் சிறை சென்றார்கள். மனைவியரும் பிள்ளைகளும் ஊர் ஊராக ஒளிந்து வாழ்ந்தார்கள். செப்டம்பர் இறுதியில் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப், புதிய பலதார மணங்களைக் கைவிடும்படி அறிவுறுத்தும் பிரகடனத்தை வெளியிட்டார். அது மாநாட்டில் வாசிக்கப்பட்டு, சபையோரின் ஒப்புதல் கோரப்பட்டது. ஒருமனதாக ஏற்கப்பட்டது என்றே பதிவாயிற்று.

அன்று மண்டபத்தில் இருந்தவர்களில் ஒருவர் பி. ஹெச். ராபர்ட்ஸ். சாதாரண உறுப்பினர் அல்லர். எழுபதின்மரின் முதல் குழுவில் இருந்த பொதுத் தலைவர். பலதார மண வழக்கில் முந்தைய ஆண்டுதான் சிறையில் இருந்தவர். எந்தக் கொள்கைக்காகச் சிறை சென்றாரோ அதையே கைவிட ஒப்புக்கொள்ளும்படி அன்று அவரிடம் கேட்கப்பட்டது. தம் கை ஈயமாய்க் கனத்துவிட்டது என்றும், தம்மால் வாக்களிக்க முடியவில்லை, வாக்களிக்கவும் இல்லை என்றும் அவரே எழுதி வைத்தார். எதிர்த்தும் அவர் கை தூக்கவில்லை. ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவர் சபையை விட்டுப் போகவில்லை. 1933இல் இறக்கும் வரை, இன்னும் 43 ஆண்டுகள், அதே பொறுப்பில் நீடித்து, ஆறு தொகுதிகளில் சபையின் முதல் நூற்றாண்டு வரலாற்றை எழுதி முடித்தார். சபை தன் கடந்த காலத்தை அறியப் பெரிதும் நம்பிய நூலை எழுதியவர், சபையின் மிகப் பெரிய திருப்பத்தின் நாளில் கையை உயர்த்த முடியாதவர். மாநாட்டில் மனம் ஒப்பாமல் உட்கார்ந்திருக்கும் எந்த உறுப்பினருக்கும் இதைவிடக் கௌரவமான முன்னோடி தேவையில்லை.

எல்லாரும் ராபர்ட்ஸைப் போல இருந்துவிடவில்லை என்பதும் உண்மை. பலதார மணம் உள்ளுக்குள் தொடர்ந்ததால் 1904 ஏப்ரல் மாநாட்டில் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித் இரண்டாவது பிரகடனத்தை வெளியிட வேண்டி வந்தது. அதை ஏற்காத அப்போஸ்தலர்கள் ஜான் டபிள்யூ. டெய்லரும் மத்தயஸ் கவ்லியும் பதவி இழந்தார்கள். பலதார மணத்தை விடாத குழுக்கள் பிரிந்து போய் இன்றும் தனித்து வாழ்கின்றன.

1978 செப்டம்பர் 30 வாக்கெடுப்பு வேறு வகையானது. கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவமும் கறுப்பின ஆண், பெண் இருபாலாருக்கும் ஆலயச் சடங்குகளும் மறுக்கப்பட்டு வந்த தடை, பிரிகாம் யங் காலத்திலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. தலைவர் ஸ்பென்சர் டபிள்யூ. கிம்பல் அந்த ஜூன் மாதத்தில் தடை நீங்கியதை அறிவித்தபோது பலர் மகிழ்ச்சியில் அழுதார்கள். மாநாடு அதை ஏகமனதாக ஏற்றது. ஆனால் தடை ஏன் வந்தது, அதற்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட காரணங்கள் சரியா என்ற கேள்விக்கு அன்று பதில் கிடைக்கவில்லை. அந்தப் பழைய விளக்கங்களைச் சபை வெளிப்படையாக மறுத்து எழுதியது 2013 டிசம்பரில். இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளும் கறுப்பின உறுப்பினர்கள், தங்களைப் பற்றி யாரும் திருத்தாத பழைய கருத்துகளைச் சக உறுப்பினர்களின் வாயால் கேட்டுக்கொண்டே வழிபட்டார்கள். மாநாட்டில் கைகள் ஒரு நிமிடத்தில் உயர்ந்து இறங்கிவிடுகின்றன. கேட்டவர் மனத்தில் அந்த விஷயம் தீர எத்தனை ஆண்டாகும் என்பது அவரவர் சுமந்த பாரத்தைப் பொறுத்தது.

வெளிப்படையான எதிர்ப்பு அபூர்வம். பெண்களுக்குச் சம உரிமை வழங்கும் அரசமைப்புத் திருத்தத்தைச் சபை எதிர்த்த காலத்தில், 1980 அக்டோபரில், மூன்று பெண்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். 2015 ஏப்ரல் 4 அன்று மண்டபத்தின் பல பகுதிகளிலிருந்து எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. அமர்வை நடத்திய, சபைத் தலைவர்களில் ஒருவரான டீட்டர் எஃப். உக்டார்ஃப் எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டதாகச் சொல்லி, எதிர்த்தவர்கள் தத்தம் வட்டாரப் பொறுப்பாளர்களான பிணையத் தலைவர்களைச் சந்திக்கும்படி கேட்டுக்கொண்டார். அடுத்து வந்த நாட்களில் குரல் எழுப்பியவர்களைப் பண்பற்றவர்கள் என்று பலர் ஏசினார்கள். கேட்ட கேள்விக்குக் கேட்ட முறையில் பதில் சொன்னவர்களை அப்படி ஏசியது நியாயமில்லை. அவர்கள் எந்தக் காரணத்துக்காக எதிர்த்தார்கள் என்பதில் மாற்றுக் கருத்து இருக்கலாம். எதிர்ப்பதற்கு அவர்களுக்கு இருந்த உரிமையில் அது இருக்க முடியாது.

நிர்வாக மாற்றங்களுக்கு வரும் எதிர்வினை பொதுவாக இலேசானது. 2012 அக்டோபரில் தலைவர் தாமஸ் எஸ். மான்சன் ஊழியப் பயணம் செல்லும் வயதை ஆண்களுக்கு 19இலிருந்து 18 ஆகவும் பெண்களுக்கு 21இலிருந்து 19 ஆகவும் குறைத்தபோது, இளம்பெண்கள் பெருந்திரளாக முன்வந்தார்கள். 2018 அக்டோபரில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்படும் என்ற அறிவிப்புக்குக் கைக்குழந்தை வைத்திருந்த பெற்றோர் அடைந்த நிம்மதி சொல்லி முடியாது.

அதே மாநாட்டில் தலைவர் ரசல் எம். நெல்சன், “மார்மன்” என்ற பெயரைக் கைவிட்டுச் சபையின் முழுப் பெயரையே வழங்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்தப் பட்டப்பெயருக்கு இடம் கொடுப்பது சாத்தானுக்குக் கிடைக்கும் பெரும் வெற்றி என்பது அவர் வாதம். கிறிஸ்துவின் பெயர் முன்னுக்கு வந்ததைப் பலர் மனதார வரவேற்றார்கள். வேறு பலருக்கு அது சங்கடமாக இருந்தது. ஏனென்றால், சில ஆண்டுகளுக்கு முன்தான் சபையே பெரும் பொருட்செலவில் “நான் ஒரு மார்மன்” என்று உறுப்பினர்களைச் சொல்ல வைத்த விளம்பர இயக்கத்தை நடத்தியிருந்தது. அதில் தம் முகத்தையும் கதையையும் கொடுத்தவர்கள் சபை கேட்டதைத்தான் செய்தார்கள். அந்த உழைப்புக்கு ஒரு வார்த்தை நன்றி அந்தப் பீடத்திலிருந்து வந்திருக்கலாம்.

பெண்கள் தொடர்பான உரைகளிலும் முடிவுகளிலும் எதிர்வினை எப்போதும் ஆழமாக வெட்டுகிறது. பொது மாநாட்டின் அமர்வில் ஒரு பெண் முதன்முறையாக ஜெபம் செய்தது 2013 ஏப்ரல் 6 அன்று. ஜெபித்தவர் ஜீன் ஏ. ஸ்டீவன்ஸ். சபை தொடங்கிச் சரியாக 183 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெண்கள் ஜெபிக்க இடம் தரும்படி தலைவர்களுக்குக் கடிதம் எழுதும் இயக்கம் ஒன்று அந்த ஆண்டின் தொடக்கத்தில் நடந்திருந்தது. அந்த ஒரு ஜெபத்தைக் கேட்டு அழுத பெண்கள் உண்டு. இதற்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று புரியாத பெண்களும் உண்டு. இரு சாராரும் ஒரே ஒத்தாசைச் சங்கத்தின் உறுப்பினர்கள்.

2007 அக்டோபரில் ஒத்தாசைச் சங்கத்தின் அப்போதைய தலைவி ஜூலி பி. பெக் தாய்மையைப் பற்றி ஆற்றிய உரையைப் போலப் பெண்களை இரண்டாகப் பிரித்த உரை மிகக் குறைவு. பிள்ளை பெறுவதையும் வளர்ப்பதையும் வீட்டைப் பேணுவதையும் அவர் உயர்த்திப் பேசினார். சமைப்பது, துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது, வீட்டை ஒழுங்காக வைப்பது எல்லாம் அந்தப் பேணுதலில் அடங்கும் என்றார். நாள் முழுதும் வீட்டு வேலையில் கரைந்து, யாராலும் பாராட்டப்படாத பெண்களுக்கு அது முதல்முறையாகக் கிடைத்த மரியாதையாக இருந்தது. பிள்ளை இல்லாதவர்கள், மணமாகாதவர்கள், குடும்பத்துக்காக வேலைக்குப் போகும் தாய்மார் ஆகியோருக்கு அதே சொற்கள் தாங்கள் குறைப்பட்டவர்கள் என்ற தீர்ப்பாக ஒலித்தன. ஒரு குழுப் பெண்கள் பதில் அறிக்கை எழுதிக் கையொப்பம் திரட்டினார்கள். அந்த அறிக்கை வேறு சிலரைக் கோபப்படுத்தியது. இந்தச் சச்சரவில் இரு பக்கமும் பேசியது தங்கள் அன்றாட வாழ்க்கையைப் பற்றி. பெக் சொன்னது பாதிப் பெண்களின் வாழ்க்கைக்கு நியாயம் செய்தது, மறுபாதியை மறந்துவிட்டது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளச் சபைக்குள் அன்று ஆள் குறைவாக இருந்தது.

2013 அக்டோபரில், பெண்களுக்கும் ஆசாரியத்துவம் வேண்டும் என்று கோரிய குழுவினர் ஆண்களுக்கான அமர்வில் இடம் கேட்டு டாபர்னகிள் மண்டபத்தின் வாசலில் வரிசையில் நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக வாசலுக்கு வந்து கேட்க, ஒவ்வொருவரும் மறுக்கப்பட்டுத் திரும்பினார்கள். அவர்களை வழிநடத்திய கேட் கெல்லி 2014 ஜூனில் சபை நீக்கம் செய்யப்பட்டார். அவர்கள் வரிசையில் நின்ற அந்த 2013 மாநாட்டில்தான் ஆண்கள் அமர்வு முதன்முறையாகப் பொதுமக்களுக்கும் நேரலையில் ஒளிபரப்பானது. கோரிக்கையை மறுத்தவர்களே ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள்.

2022 ஏப்ரலின் பெண்கள் அமர்வில் அப்போஸ்தலர் டேல் ஜி. ரென்லண்ட், பரலோகத் தாயைப் பற்றி வெளிப்படுத்தப்பட்டது சிறிதே, அதற்கு மேல் ஊகம் வேண்டாம் என்று எச்சரித்தார். பரலோகத் தந்தையுடன் பரலோகத் தாயும் உண்டு என்பது இந்தச் சபையின் தனித்துவமான நம்பிக்கை. 1845இல் எலைசா ஆர். ஸ்னோ எழுதிய பாடல் வழியே அது தலைமுறைகளாகப் பெண்கள் நெஞ்சில் இருந்து வருகிறது. கோட்பாட்டைக் காக்கும் அக்கறை என்று அந்த எச்சரிக்கையை ஏற்றவர்கள் பலர். தங்கள் சாயலில் இருக்கும் தெய்வத்தைத் தேடுவதற்கே தடை விழுந்ததாக உணர்ந்த பெண்களும் பலர். தாயைப் பற்றி அறிய ஏங்கும் பிள்ளையின் ஏக்கத்துக்கு எச்சரிக்கை மட்டும் மருந்தாகாது.

ஒருபாலீர்ப்புள்ள உறுப்பினர்களும் அவர்களுடைய பெற்றோரும் மாநாட்டை அணுகுவது பெரும்பாலும் அச்சத்தோடு. 2010 அக்டோபரில் பன்னிரு அப்போஸ்தலரின் தலைவர் பாய்ட் கே. பாக்கர், இயற்கைக்கு மாறானவை என்று தாம் கருதிய நாட்டங்கள் பிறவியிலேயே வருவதில்லை என்றார். பரலோகத் தந்தை ஏன் ஒருவருக்கு அப்படிச் செய்யப் போகிறார் என்றும் கேட்டார். அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்காவில் ஓரினச்சேர்க்கை இளைஞர்கள் சிலர் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள். உரைக்குச் சில நாட்கள் கழித்து ஆலயச் சதுக்கத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் தரையில் படுத்துத் தங்கள் துயரத்தைக் காட்டினார்கள். வேறு பல உறுப்பினர்களோ, உலகத்தின் அழுத்தத்துக்கு வளையாத குரல் என்று பாக்கரைப் போற்றினார்கள். அச்சில் வந்த உரையில் அந்தக் கேள்வி இல்லை. “நாட்டங்கள்” இருந்த இடத்தில் “சோதனைகள்” என்றிருந்தது.

உரை அச்சில் மாறுவது இது முதல்முறை அல்ல. 1984 அக்டோபரில் பொதுத் தலைவர்களில் ஒருவரான ரொனால்டு போல்மன், சபை என்ற அமைப்பும் சுவிசேஷமும் ஒன்றல்ல என்ற கருத்தில் பேசிய உரை, திருத்தப்பட்ட வடிவத்தில் ஆளில்லாத மண்டபத்தில் மறுபடி பேசிப் பதிவு செய்யப்பட்டது. பேச்சாளர் தம் உரையைத் திருத்துவதில் தவறில்லை. மென்மையாக்கப்பட்ட சொல் பலரைக் காப்பாற்றவும் கூடும். ஆனால் மாற்றம் இன்னதென்று சொல்லாமல் மாற்றுவது, முதலில் கேட்டுக் காயப்பட்டவருக்கு அநீதி. அவர் கேட்டது அவர் கற்பனை என்பது போல ஆகிவிடுகிறது.

2015 நவம்பரில், ஒரே பாலினத் திருமணத்தில் இருப்போரை விசுவாச துரோகிகள் என்றும், அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கூடாது என்றும் வகுக்கப்பட்ட கொள்கை, 2019 ஏப்ரல் மாநாட்டுக்கு இரண்டு நாள் முன்னால் கைவிடப்பட்டது. முந்தைய கொள்கையைத் தீர்க்கதரிசன வெளிப்பாடு என்று ஏற்று, தங்கள் பிள்ளைகளிடம் அதற்காக வாதாடிய பெற்றோர் இருந்தார்கள். அதன் பொருட்டு வெளியேறியவர்களும் இருந்தார்கள். நீக்கப்பட்ட செய்தி கேட்டு ஆறுதல் அடைந்த அதே வேளையில், இடைப்பட்ட மூன்றரை ஆண்டு இழப்புக்கு யார் பதில் சொல்வது என்று இரு சாராருமே கேட்டார்கள். ஆறுதலும் கோபமும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருந்த நாட்கள் அவை.

மாநாடு காயப்படுத்தும் களம் மட்டும் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. 2013 அக்டோபரில் அப்போஸ்தலர் ஜெஃப்ரி ஆர். ஹாலண்ட் மன அழுத்த நோயைப் பற்றித் தம் சொந்த அனுபவத்தோடு பேசினார். மருத்துவ உதவி பெறுவது விசுவாசக் குறைவு அல்ல என்று அந்தப் பீடத்திலிருந்து கேட்டதும், பல ஆண்டுகளாக நோயை மறைத்து வந்த குடும்பங்கள் வாய் திறந்தன. அதே மாநாட்டில் உக்டார்ஃப், சபையின் தலைவர்கள் தவறு செய்த தருணங்கள் உண்டு என்று நேரடியாக ஒப்புக்கொண்டார். சபையை விட்டுப் போகிறவர்களைச் சோம்பேறிகள் என்றோ பாவிகள் என்றோ எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். கேள்வியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த உரை நாற்காலி போட்டுக் கொடுத்தது போல இருந்தது. சந்தேகங்களையும் சந்தேகிக்கும்படி அதே உரையில் அவர் சொன்னதை, பிற்பாடு சிலர் கேள்விகளை அடக்கப் பயன்படுத்தினார்கள். அவர் பேசியதன் முழுமையை அறிந்தவர்கள் அப்படிப் பயன்படுத்த மாட்டார்கள்.

வேற்றுமையைப் பற்றி மாநாட்டில் பேசப்பட்டவற்றுள் தனித்து நிற்பது 1996 ஏப்ரலில் சீக்கோ ஒகசாக்கி ஆற்றிய உரை. ஹவாயில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்த அவர், ஒத்தாசைச் சங்கப் பொதுத் தலைமையில் இருந்த முதல் வெள்ளையரல்லாத பெண். யூட்டாவின் பெண்கள் பழங்களைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துக் குளிர்காலத்துக்குச் சேமிப்பார்கள். தீவுகளின் பெண்கள் அன்றன்று பறித்த பழத்தைக் கூடையில் வைப்பார்கள். பழம் நல்லது, புட்டியும் நல்லது, கூடையும் நல்லது, இதுதான் சரி என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். மாநாட்டை யூட்டாவின் காதால் மட்டும் கேட்கும் பழக்கத்துக்கு இன்றும் அதுவே தகுந்த மறுமொழி.

ஆலய அறிவிப்புகளில் யூட்டாவுக்கும் தொலைவில் உள்ள நாடுகளுக்கும் இடையிலான இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. நெல்சன் தலைமையில் இருந்த 2018 முதல் 2025 வரையான ஆண்டுகளில் மாநாட்டின் நிறைவில் புதிய ஆலயங்களின் பெயர்களை வாசிப்பது வழக்கமாயிற்று. மொத்தம் 200 ஆலயங்களை அவர் அறிவித்தார். ஏற்கெனவே பல ஆலயங்கள் உள்ள யூட்டாவில் இன்னொன்று எதற்கு என்று முணுமுணுப்போர் உண்டு. அந்த முணுமுணுப்போடு பணத்தைப் பற்றிய கேள்வியும் சேர்ந்துகொண்டது. 2023 பிப்ரவரியில் சபையின் முதலீட்டு நிறுவனமும் சபையும் தங்கள் பங்கு முதலீட்டு விவரங்களை வெளியிட்ட முறைக்காக அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு 50 லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தன. அடுத்து வந்த ஏப்ரல் மாநாட்டில் தணிக்கை அறிக்கை வழக்கம்போல வாசிக்கப்பட்டபோது, சபைப் பணம் எங்கே போகிறது என்ற கேள்வி பலர் மனத்தில் முன்னைவிடக் கூர்மையாக இருந்தது.

ஆனால் 2018 ஏப்ரல் 1 அன்று வாசிக்கப்பட்ட பட்டியலில் பெங்களூரு இருந்தது. இந்தியாவின் முதல் ஆலயம். அப்போது தென்னிந்திய உறுப்பினர்கள் குடும்பத்தோடு ஆலயச் சடங்குக்குப் போகக் கடல் கடந்து வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. பாஸ்போர்ட், விசா, விமானக் கட்டணம் என்று ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்துப் போனவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த ஒரு பெயர் எவ்வளவு என்பதை, பத்து நிமிடக் கார் பயணத்தில் ஆலயம் உள்ளவர் எண்ணிப் பார்க்க வேண்டும். அதுபோலவே, யூட்டாவின் வகுப்பறைகளில் கேட்கும் அரசியல் சண்டைகள் சென்னைக் கிளையின் உறுப்பினருக்கு அயலாகத் தோன்றலாம் என்பதால், அங்கே வலிப்பவரின் வலி பொய்யாகிவிடாது.

நெல்சன் 2025 செப்டம்பர் 27 அன்று தம் 101ஆம் வயதில் காலமானார். ஒரு வாரம் கழித்துக் கூடிய அக்டோபர் மாநாட்டை மூத்த அப்போஸ்தலர் டாலின் ஹெச். ஓக்ஸ் தலைமை தாங்கி நடத்தினார். புதிய ஆலயங்கள் எதுவும் அறிவிக்கப்படவில்லை. திட்டமிடலிலும் கட்டுமானத்திலும் இருப்பவை பல என்பதால் அறிவிப்புகளின் வேகத்தைக் குறைப்பதே தகும் என்று அவர் விளக்கினார். பெயர்ப் பட்டியலுக்காகக் காத்திருந்த நாடுகளில் ஏமாற்றம், தொடங்கியதை முடிக்கட்டும் என்று நினைத்தவர்களிடம் நிம்மதி என்று இங்கும் இரண்டு வகை.

இத்தனை எதிர்வினைகளும் கடைசியில் வந்து சேரும் இடம் உள்ளூர்ச் சபையான தொகுதியின் சிறிய வகுப்பறை. அங்கே மூப்பர் குழுமமும் ஒத்தாசைச் சங்கமும் கூடி மாநாட்டு உரைகளை விவாதிக்கின்றன. மடக்கு நாற்காலிகள் வட்டமாகவோ வரிசையாகவோ போடப்பட்ட அந்த அறையில், உரையில் பிடித்தது எது என்ற ஒரே கேள்வியோடு வகுப்பு தொடங்குவதே வழக்கம். பிடிக்காதது எது, தைத்தது எது என்று கேட்கும் ஆசிரியர் அரிது. அதனால் நொந்தவர் வாய் மூடி இருக்கிறார், அல்லது அந்த நேரத்தில் தாழ்வாரத்தில் குழந்தையோடு நடக்கிறார், அல்லது ஒரு நாள் வராமலேயே போய்விடுகிறார். வந்துபோன மாநாடுகளில் எதிர்ப்புக் கை தூக்கியவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். சொல்லாமல் விலகிப் போனவர்களே அதிகம். சபை இழந்தவர்களில் பலர், உரைகளை அலட்சியமாகக் கேட்டவர்கள் அல்லர். ஒவ்வொரு சொல்லையும் இறைவனின் சொல்லாக எடுத்துக்கொண்டதால்தான் அவ்வளவு நொந்தார்கள்.

மகிழ்ந்தவர்கள் தங்கள் மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஹாலண்டின் உரையால் மருத்துவரிடம் போய் உயிர் பிழைத்தவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வருந்துபவரும் மகிழ்பவரை அறியாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. தலைவர்கள் உரையைத் திருத்தினால், திருத்திய இடத்தைக் குறித்து வெளியிடலாம். அதனால் யாருடைய அதிகாரமும் குறையாது. வாக்கெடுப்பில் கை தூக்காமல் இருந்தவரைப் பக்கத்தில் இருப்பவர் முறைத்துப் பார்க்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

பிணையத் தலைவர்களும் ஆயர்களும் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களும் இதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாநாட்டுக்குப் பின் வரும் முதல் வகுப்பில், ஓர் உரையால் தேறியவர் பேசி முடித்ததும் அதே உரையால் நொந்தவருக்கும் நேரம் ஒதுக்கித் தரும்படியும், அவர் பேசும்போது இடைமறித்துச் சமாதானம் சொல்லாமல் கடைசி வரை கேட்கும்படியும் இந்த மடல் கேட்டுக்கொள்கிறது.